சோத்துக்கை வழக்கு

ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி தறி ஓட்டும் சுயம்புலிங்கம் சந்தேகத்தைத் தவிர வேறு எதையும் முழுதாக நம்பியதில்லை. பால்காரர் சிரித்தால் பாலில் தண்ணீர். சிரிக்காவிட்டால் தண்ணீரில் பால். அப்பேர்ப்பட்டவர் மனைவி யோகேஸ்வரியின் சொல்லைக் கேட்டு, ஒரு தனியார் மருத்துவமனையில் காசு கொடுத்துக் காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொண்டார். நர்ஸ் தோள்மூட்டை ஒட்டி உயரத்தில் குத்திவிட்டார். அதன்பின் இடது கை நெஞ்சுக்கு மேல் எழவில்லை. அவரோ பிறவி இடக்கைக்காரர். அறுந்த இழையை எட்டி முடிச்சுப்போட முடியாமல் தறிவேலை போயிற்று.

நஷ்டஈடு கேட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் நுகர்வோர் ஆணையத்துக்குப் போனார். "எந்தக் கை?" என்று அவருடைய வக்கீல் காமராஜ் கேட்டார்.

"சோத்துக்கை."

ஊருக்கெல்லாம் சோத்துக்கை என்றால் வலக்கை. சுயம்புலிங்கம் சோறு தின்பது இடக்கையால் என்பது வக்கீலுக்கு எப்படித் தெரியும்? 'வலது தோள்' என்று இங்கிலீஷில் மனு போனது.

விசாரணையில் மருத்துவமனையின் வக்கீல் தனுஷ்கோடி துள்ளினார். "ஊசி போட்டது இடது கையில. இவரு வலதுக்குக் கேக்காரு. நாளைக்குக் காலுக்கும் கேப்பாரு!"

காமராஜ் சோத்துக்கையை விளக்கி, மனுவைத் திருத்த அனுமதி கேட்டார். ஆணையத் தலைவர் அம்மாள் மதியத்துக்குத் தள்ளிவைத்தார்.

ஓட்டலில் சுயம்புலிங்கம் மனைவியிடம் கிசுகிசுத்தார். "ஏட்டி, அந்த ஆஸ்பத்திரி வக்கீலு நாம சாப்பிடுததையே பாக்கான்."

"ஒங்களுக்கு சோத்து மேலயும் சந்தேகம். சாப்பிடுங்க."

வாழ்நாளில் முதல் தடவையாக அவர் சந்தேகம் சரியாக இருந்தது. மதியம் தனுஷ்கோடி எழுந்தார்: "அம்மா, என் கண்ணால பாத்தேன். வலது கையாலதான் சாப்பிட்டாரு!"

தலைவர் சுயம்புலிங்கத்தை ஏற இறங்கப் பார்த்தார். காலர் முதல் பாக்கெட் வரை சாம்பார். மீசையில் ஒரு பருக்கை.

"சட்டை ஏன்யா இப்படி?"

"எடக்கை வாய்க்கு ஏற மாட்டேங்குது தாயி. வலக்கைக்கு வாய் எங்க இருக்குன்னு இன்னும் பிடிபடல."

"ஊசி போட்ட நாள்ல இருந்து நாந்தாம்மா தொவைக்கேன்!" என்றாள் யோகேஸ்வரி, பின்பெஞ்சிலிருந்து.

திருத்தம் ஏற்கப்பட்டது. சட்டையின் நிலையும் பதிவானது. தனுஷ்கோடி வராந்தாவுக்குப் போய் போனில் நெடுநேரம் பேசினார். வைத்தியச் செலவும் இழந்த கூலியும் தருவதாக மருத்துவமனை சமரசத்துக்கு வந்தது.

சுயம்புலிங்கம் பேனாவைத் தொடவில்லை. "ஏன் இம்புட்டு லேசா எறங்கி வாரான்? என்னமோ இருக்கு."

"ஒண்ணுமில்ல. கையெழுத்தப் போடுங்க," என்றாள் யோகேஸ்வரி. "இல்லன்னா நாளைல இருந்து ஒங்க சட்டைய நீங்களே தொவைங்க."

போட்டார்.