குழாய்த் தண்ணீரை நம்பாதவன்

எங்கள் சித்தப்பா சென்றாயனின் பேரன் தமிழ்மணிக்குப் பாலக்கோடு பக்கம் தக்காளித் தோட்டம். ஃப்ளோரைடு மிகுந்த போர்வெல் தண்ணீர் குடித்தே அவனுடைய அப்பனுக்கு முதுகு வளைந்தது. தமிழ்மணிக்கும் பல்லெல்லாம் கறை. அதற்குத்தானே ஒகேனக்கல் தண்ணீர் ஊருக்குள் குழாயில் வருகிறது? இவனோ பால்பல் விழுகிற மகளை அதைத் தொடவிடமாட்டான்.

“அதுல புள்ள பொறக்காம பண்ற மருந்து கலக்கறாங்க பெரியப்பா. போன்ல வந்துது.”

“எவன்டா கலக்கறான்?”

“கவர்மெண்டுதான். நான் கவர்மெண்டு வேலைக்குப் பரீட்சை எழுதுன ரெண்டு வாட்டியும் கேள்வித்தாள வித்துட்டாங்க. அவுங்க குடுக்கற தண்ணிய எப்படி நம்பறது?”

பரீட்சையில் ஏமாந்தது நிஜம்தான். அந்தக் கோபத்தைப் பிள்ளையின் பல்லிலா காட்டுவது? எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

அவன் பெண்டாட்டி ஐஸ்வர்யா தெருக்குழாயிலிருந்து குடத்தோடு வந்தாள். “இவரு பல்லப் பாத்துட்டு எத்தன வூட்ல பொண்ணு இல்லன்னாங்கன்னு உங்களுக்குத் தெரியாதா மாமா? எம் பொண்ணுக்கும் அந்தக் கதி வேணுமா?” என்று சொம்பில் மொண்டு மகளிடம் நீட்டினாள்.

தமிழ்மணி பாய்ந்து பிடுங்கினான். “இரு, மொதல்ல நான் குடிக்கறேன். எனக்கு ஒண்ணும் ஆவலன்னா அவ குடிக்கட்டும்.”

“புள்ள பொறக்குமான்னு தெரிய பத்து மாசம் ஆவும். அதுவரைக்கும் அவ தாகத்தோட இருக்கணுமா?”

அவன் சொம்பைப் பிடித்தபடி நின்றான். மகள் அதை வாங்கி மடமடவென்று குடித்தாள்.