எட்டரையும் அந்தப் பதினோரு பேரும்

பிரஸ் ஷாப்பில் அவரை எல்லோரும் எட்டரை என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு சரி. வலது கையில் ஐந்து விரல், இடது கையில் மூன்றரை, கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். "ஏழரைன்னு வைக்காம விட்டாங்களே, அந்த மட்டும் பொழைச்சேன்" என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

டப்பா மூடி செய்கிற தொழிற்சாலை அது. தகட்டை அச்சில் வைத்தால் மேலிருந்து பிரஸ் இறங்கும், மூடி விழும். கைக்கும் தகரத்துக்கும் அந்த இரும்புக்கு வித்தியாசம் தெரியாது. இருபத்தேழு வருஷத்துக்கு முன்னால் மின்சாரம் நின்றிருந்த நேரத்தில் அச்சில் சிக்கிய ஒரு மூடியை எடுக்க அவர் கையை உள்ளே விட்டிருந்தார். மின்சாரம் வந்ததும், கை உள்ளே இருப்பதைக் கவனிக்காத மேஸ்திரி சுவிட்சைப் போட்டார். அவ்வளவுதான் கதை.

கைக்கட்டைப் பிரித்து வேலைக்கு வந்த அன்றே எட்டரை ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தார். ஆபத்தைப் பார்க்கிறவர் யாரானாலும் "கை!" என்று கத்த வேண்டும். கேட்கிறவர் யாரானாலும் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிவிட வேண்டும். ஏன், எதற்கு என்பதெல்லாம் அப்புறம். அந்தச் சொல்லை விளையாட்டுக்குச் சொல்லக் கூடாது; சொல்ல வேண்டிய நேரத்தில் முழுங்கவும் கூடாது. அதற்குப் பிறகு பிரஸ் ஷாப்பில் ஒரு நகம்கூடப் போகவில்லை. பழக்கம் ரத்தத்தில் ஊறிப்போய், ஒருநாள் பஸ்ஸில் கண்டக்டர் "கை! உள்ள எடு!" என்று அதட்ட, ஆறு பேர் கம்பியை விட்டுவிட்டுக் கையைத் தூக்கி ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள்.

புதிதாக யார் சேர்ந்தாலும் எட்டரை தன் கதையைச் சொல்லாமல் விடமாட்டார். கடைசியில் ஒரு சாபமும் உண்டு. "அந்த ஷெட்டுல பதினோரு பேர் இருந்தாங்க. ஒருத்தராவது பாத்திருப்பாங்க. ஒரு வாய் திறக்கலை. அந்த வாய் புழுத்துப் போக!" வீட்டுக்கு யாராவது வந்தாலும் இதே பாட்டுதான். சாபம் வருகிற இடத்தில் அவர் மனைவி எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். கேட்டுக் கேட்டுப் புளித்துப்போயிருக்கும் என்று அவர் நினைத்துக்கொள்வார்.

அவளும் கல்யாணத்துக்கு முன் அங்கேதான் மூடிகளை அடுக்கிக் கட்டுகிற வேலையில் இருந்தாள். அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஞாயிறு தவறாமல் பழத்தோடு வந்து நின்றவள். ஆறு மாதத்தில் கல்யாணம் முடிந்தது. "ஒண்ணரை விரலைக் கொடுத்து ஒரு பொண்டாட்டிய வாங்கினவன் நான். லாபம்தான்" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார் மனுஷன்.

கோடையில் எட்டு நாள் தொழிற்சாலையை மூடி இயந்திரங்களைக் கழற்றிப் பூட்டுவார்கள். எட்டாவது நாள் குடும்ப விளையாட்டு. தொழிற்சாலைக்குப் பின்னால் உள்ள மைதானத்தில் துணிப் பந்தல், பிளாஸ்டிக் நாற்காலிகள், பீப்பாயில் எலுமிச்சைச் சாறு. பெண்களுக்கு நாற்காலிப் போட்டி, பிள்ளைகளுக்குச் சாக்கு ஓட்டம். வருஷம் முழுக்க மூன்று ஷிப்டாகப் பிரிந்து கிடக்கிற குடும்பங்கள் ஒன்றையொன்று முழுசாகப் பார்க்கிற ஒரே பகல் அது. கடைசியில் கயிறு இழுக்கும் போட்டி. பிரஸ் ஷாப்பும் ஆபீசும் மோதும்.

ஒன்பது வருஷமாகக் கோப்பை ஆபீசில்தான் இருக்கிறது. பேனா பிடிக்கிறவர்களுக்கு இந்த பலம் எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். கிடங்கில் மூட்டை தூக்குகிறவர்களின் வருகைப் பதிவேடு ஆபீசில் இருக்கிறது. அதனால் அவர்களும் ஆபீசாம்! தலைமை எழுத்தர் முன்னால் ஒப்புக்கு நிற்க, பின்னால் ஒன்பது மலைகள்.

அடுத்த வருஷம் எட்டரைக்கு ஓய்வு. இந்த வருஷம் ஜெயிக்காவிட்டால் எந்த வருஷமும் இல்லை. ஒரு மாதமாக ஷிப்டு முடிந்ததும் தன் ஒன்பது பேரையும் ஒரு தூணைக் கட்டி இழுக்கவைத்தார். கயிற்றில் அவர்தான் கடைசி ஆள்.

பழைய கயிற்றை எலி தின்றுவிட்டது. புதிது வாங்க நாலு கையெழுத்து வேண்டும் என்று கிடங்கில் கழித்துப் போட்டிருந்த ஒரு நைலான் கயிற்றைக் கொண்டுவந்தார்கள். வழவழவென்று இருந்தது. மூன்றரை விரலுக்குப் பிடி கிடைக்கவில்லை. கயிற்றைக் கையில் சுற்றாதே என்று எத்தனை பேரை அவர் திட்டியிருக்கிறார்! ஊருக்குத்தான் உபதேசம். இடது மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டார்.

விசில் ஊதியது. நடுவில் கட்டிய சிவப்புத் துணி இந்தப் பக்கம் ஒரு சாண், அந்தப் பக்கம் ஒரு சாண் என்று ஆடியது. அப்புறம் மெல்ல மெல்ல பிரஸ் ஷாப் பக்கம் வந்தது. தலைமை எழுத்தரின் செருப்பு கோட்டைத் தொட இன்னும் அரை அடி. "விடாதீங்கடா!" என்று எட்டரை பல்லைக் கடித்தார்.

"கை!"

பெண் குரல். ஒன்பது பேரும் கயிற்றை விட்டுவிட்டுக் கையைத் தூக்கினார்கள். எட்டரையும் தூக்கினார், வலது கை மட்டும் மேலே போனது. மூட்டை தூக்குகிறவர்கள் மல்லாக்க விழுந்த வேகத்தில் அவர் ஒருவரை மட்டும் கயிறு தரதரவென்று இழுத்துக்கொண்டு போனது. நாலடி தூரத்தில் சுற்று தானாகப் பிரிந்து, தோலை உரித்துக்கொண்டு கழன்றது.

எழுந்தபோது வாயெல்லாம் மண். ஆபீஸ் பக்கம் கைதட்டிக் கூத்தாடினார்கள். யார் கத்தியது என்று திரும்பினார். சிவப்புத் துணிக்கு நேராக, சாறு ஊற்றுகிற மேஜை அருகில் அவருடைய மகள் நின்றிருந்தாள். பதினைந்து வயசு. கையில் டம்ளர் இருந்தது.

அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. போன கோப்பை போகட்டும். இவள் விளையாட்டுக்குக் கத்தியிருந்தால் இனி அந்தச் சொல்லை யார் மதிப்பார்கள்? நாளைக்கு இயந்திரம் ஓடத் தொடங்கும். ஒருவன் கத்துவான், மற்றவன் 'எட்டரை பொண்ணு மாதிரிதானே' என்று ஒரு நொடி யோசிப்பான். அந்த ஒரு நொடி போதும், ஒரு கை போய்விடும்.

"அண்ணே, உங்க பொண்ணே கவுத்துட்டாளே" என்றான் வெல்டர்.

எட்டரை அவள் முன்னால் போய் நின்றார். "விளையாட்டுக்கா கத்தின?"

"இல்லப்பா."

"ஜெயிக்கிற நேரத்துல ஏன்டி கத்தின?"

அவள் தரையில் கிடந்த கயிற்றைக் காட்டினாள். "பிரிஞ்சுது. ஒண்ணொண்ணா."

ஃபிட்டர் குனிந்து கயிற்றை எடுத்தார். துணியின் முடிச்சுக்குப் பக்கத்தில் மூன்று புரியில் இரண்டு அறுந்து, மூன்றாவதும் பாதி பிய்ந்து நின்றது. அவர் எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு ஒரு முனையை இரும்புக் கம்பத்தில் கட்டினார். மூட்டை தூக்குகிறவர்களில் நாலு பேர் மறுமுனையைப் பிடித்து இழுத்தார்கள்.

வெடி போட்டதுபோல ஒரு சத்தம். அறுந்த துண்டு கம்பத்தைச் சுற்றிச் சுழன்று, அருகில் இருந்த ஒரு நாற்காலியின் முதுகை இரண்டாகப் பிளந்தது.

இருபது பேர் இழுக்கும்போது அது அறுந்திருந்தால்? கையில் சுற்றியிருந்தவரின் கதி? எட்டரை தன் மணிக்கட்டைப் பார்த்தார். சிவந்து வீங்கிய இரண்டு வளையம். எதிரே தலைமை எழுத்தர் தன் கையை வேட்டிக்குள் மறைத்துக்கொண்டார். அங்கேயும் அதே வளையம். கோப்பையை மேஜையிலிருந்து யாரும் எடுக்கவில்லை. கூட்டத்தின் விளிம்பில் நின்றிருந்த எட்டரையின் மனைவி மட்டும் மகளைக் கட்டிக்கொண்டு வாய்விட்டு அழுதாள். ஏன் இவ்வளவு அழுகிறாள் என்று அவருக்கு விளங்கவில்லை. மகள் பயந்துவிட்டாளே என்றுதான் அழுகிறாள் என்று நினைத்தார்.

வெயில் தாழ்ந்ததும் வீட்டுக்கு வந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து மகளைப் பாராட்டிவிட்டுத் தங்கள் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். வாசல் குழாயடியில் அவர் கையைக் கழுவிவிட்டு மனைவி மருந்து தடவினாள்.

"என் ரத்தம்" என்றார் எட்டரை. "அத்தனை பேர் முன்னாடி கத்தினா பாரு! அன்னைக்கு அந்தப் பதினோரு பேர்ல இவளை மாதிரி ஒருத்தி இருந்திருந்தா..."

"அந்தப் பதினோரு பேர்ல நானும் ஒருத்தி" என்றாள் அவள்.

"தெரியாதா என்ன? நீ அடுக்குற மேஜையில..."

"நான் பாத்தேங்க."

அவர் கையை இழுக்கவில்லை. இழுக்கத் தோன்றவில்லை.

"உங்க கை உள்ள இருந்ததைப் பாத்தேன். மேஸ்திரி சுவிட்சுப் பக்கம் போனதையும் பாத்தேன். வேலை நேரத்துல வாயைத் திறந்தா சீட்டைக் கிழிச்சுடுவேன்னு முந்தின நாள்தான் அந்தாளு என்னைத் திட்டியிருந்தாரு. கத்தலாமான்னு யோசிச்சேன். யோசிக்கிறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு."

குழாயிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. ஒன்றரை விரலைக் கொடுத்து வாங்கியதாக ஊரெல்லாம் சொன்னாரே, அவள் வந்தது இதனாலா?

"அதான் ஆஸ்பத்திரிக்கு வந்தியா?"

"ஆமா. மொத ஞாயித்துக்கிழமை சொல்லிட்டுப் போயிடலாம்னுதான் வந்தேன். நீங்க சிரிச்சுக்கிட்டே பழத்தை வாங்கிட்டீங்க. அப்புறம் போகவும் மனசு வரலை, சொல்லவும் வாய் வரலை."

"இருபத்தேழு வருஷம்..."

"எப்படிச் சொல்லச் சொல்றீங்க? வர்றவங்ககிட்டயெல்லாம் அந்த வாய் புழுத்துப் போகணும்னு சாபம் விடுவீங்க. நான் அடுப்படியில நின்னு கேட்டுக்கிட்டுதானே இருந்தேன்." அவள் துணியைக் கிழித்து மணிக்கட்டில் கட்டினாள். "இன்னைக்கு அவ கத்தினா. அவளால முடிஞ்சது என்னால முடியலை."

அவள் குழாயை மூடிவிட்டு உள்ளே போனாள். அவர் வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தார். அவள் சாப்பிடக் கூப்பிட்டபோது போய்ச் சாப்பிட்டார்.

மறுநாள் காலை சங்கு ஊதியது. புதிதாகச் சேர்ந்த மூன்று பேர் பிரஸ் முன்னால் வரிசையாக நின்றார்கள். எட்டரை கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டித் தன் கதையைச் சொன்னார். மூடி சிக்கியது, மேஸ்திரி சுவிட்சைப் போட்டது, எல்லாம். "அந்த ஷெட்டுல பதினோரு பேர் இருந்தாங்க" என்று சொல்லி நிறுத்தினார். சுற்றி நின்ற பழைய ஆட்கள் வழக்கமான சாபத்துக்காகக் காத்திருந்தார்கள்.

"யாருமே கத்தலையா அண்ணே?" என்று மூவரில் ஒருத்தி கேட்டாள்.

"பாத்தவ சின்னப் பொண்ணு. பயந்துட்டா" என்றார் எட்டரை. "நீ பயப்படாதம்மா. கத்து."