சீக்கே இல்லாத ஊர்

வறுமையை ஆராயும் தொழிலில் முதல் பாடம், நாய் குரைக்கும் வாசலில் படிவத்தைக் கீழே போடாமல் நிற்பது. படிவமும் கையுமாக வெயிலில் அலைந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பிற்பாடு ஆப்பிரிக்காவில் பல வருஷம் இதே பிழைப்புதான். ஆனால் தொழிலைக் கற்றது அறுபதுகளில், திண்டிவனத்தில் அறை எடுத்துத் தங்கி, வானூர்ப் பக்கம் சைக்கிள் மிதித்தபோது.

யாருக்கும் ஒன்றுமில்லை

இரண்டு ஊர்களில் நோய் அதிகமுள்ள ஊருக்குச் சின்ன ஆஸ்பத்திரி வரும். எதில் அதிகம் என்று நான் எழுதித் தர வேண்டும். முதல் ஊர் முழுக்கக் கூலிக்காரர்கள். மல்லாட்டை என்று அங்கே சொல்லும் நிலக்கடலையை உடைத்துக்கொண்டிருந்த அஞ்சலையிடம், "போன மாசம் யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்றேன். யாருக்கும் ஒன்றுமில்லையாம். எல்லா வீட்டிலும் இதே பதில். அடுத்த ஊர் நிலக்காரர்களுடையது. அங்கே ஒரு வீட்டு வாயு, முழங்கால், தலைவலிக்கே பக்கம் போதவில்லை. வீட்டுக்காரர் வாசல்வரை ஓடிவந்தார்: "சார், இன்னொரு பேப்பர் குடுங்க. எங்க மச்சான் ஜலதோஷத்த உட்டுட்டேன்!"

ஒரு சொம்பு தண்ணீர்

விழுப்புரத்தில் இருந்து இந்த ஆய்வை நடத்திய எங்கள் பேராசிரியர் கணக்கைப் பார்த்துப் பூரித்துப்போனார். ஏழைகளுக்கு இரும்பு உடம்பு என்று எழுதி அனுப்பச் சொன்னார். எனக்கு மனசு ஒப்பவில்லை. மறுநாளே அஞ்சலை வீட்டுக்குப் போய்த் தண்ணீர் கேட்டேன். சொம்பை வாங்கும்போது பட்ட கை நெருப்பாகச் சுட்டது.

"என்னம்மா இது! ஒண்ணுமில்லேன்னீங்களே?"

"நீங்க மொதல்ல வந்தப்பவே காய்ச்சல் அடிச்சிதுங்க. வேலைக்குப் போய்க்கினுதானே இருக்கேன்? படுத்தாத்தானே சார் சீக்கு?"

மறுபடியும் முதல் வீட்டிலிருந்து

வெட்கமாக இருந்தது. என் கேள்வியை நானே அடித்துவிட்டு, "காய்ச்சலோட எத்தனை நாள் வேலைக்குப் போனீங்க?" என்று எழுதினேன். அத்தனை வீடும் மறுபடி ஏறினேன். இப்போது கூலிக்காரர் ஊரில்தான் பேப்பர் போதவில்லை. கெடு தாண்டிவிட்டது என்றார் பேராசிரியர். பழைய கணக்கு போனால் என் பெயரை எடுத்துவிடுங்கள் என்று அவர் மேஜை முன்னாலேயே உட்கார்ந்துவிட்டேன். சாயங்காலம் பேனாவை எடுத்தார்: "சரியான பேஜாருய்யா நீ. குடு, கையெழுத்துப் போடறேன்."

திறப்பு நாள்

ஆஸ்பத்திரி கூலிக்காரர் ஊருக்கே வந்தது. திறப்பு நாளில் எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். நாற்று நடப் போய்க்கொண்டிருந்த அஞ்சலை, வரப்பிலிருந்தே கதவில் தொங்கிய பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை விடுமுறை என்று படித்துச் சொன்னேன். "அன்னிக்கு ஒரு நாளுதான் சார் எங்களுக்கு வேல இல்ல. அன்னிக்குப் போயி பூட்டிக்கினா எப்பிடி?"

அன்றிலிருந்து எந்த நாட்டில் யார் 'எங்களுக்கு ஒன்றுமில்லை' என்றாலும், நான் பேனாவை மூடிவிட்டுக் குடிக்கத் தண்ணீர் கேட்கிறேன்.