பிஸ்மி எண்ணும் றிஸ்மியாவின் பிரின்டரும்

கரைத்தீவில் படிவம் நிரப்பவும் மனு அச்செடுக்கவும் பெண்கள் தேடிப் போகும் வீடு றிஸ்மியாவுடையது. புருசன் மௌத்தான பிறகு, முன்னறையில் போட்ட மேசையும் பிரின்டருமே அவளுக்குப் பிழைப்பு. அவளிடம் காட்டிய கடதாசியின் கதை வாசலைத் தாண்டாது என்ற நம்பிக்கையில்தான் ஆட்கள் வந்தார்கள்.

அன்று அக்கீலா வந்திருந்தாள். புருசனிடமிருந்து பிரிவு கேட்டு, முஸ்லிம் விவாக வழக்குகளைக் கேட்கும் காதியாருக்குக் கொடுக்கத் தன் கையாலேயே மனு எழுதியிருந்தாள். அதைப் படியெடுக்கப் பிரின்டரின் கண்ணாடியில் கவிழ்த்து வைத்த றிஸ்மியா, அழுகிறவளுக்கு முதலில் பிளேன்ரீ ஊற்றப் போனாள். பொத்தானை யாரும் தொடவில்லை. ஆனால் மூடிக்குக் கீழே வெளிச்சம் தானாக ஊர்ந்து போனது. கரண்ட்டின் கோளாறாக்கும் என்று இருவரும் விட்டுவிட்டார்கள்.

மறுநாள் அக்கீலாவின் புருசன் மீன்வாடியில் நின்று அந்த மனுவை வரி பிசகாமல் சொல்லிச் சிரித்தானாம். அக்கீலா படலைக்குள் வராமல் வெளியே நின்றே கேட்டாள்.

"ராத்தா, நீங்களா குடுத்தீங்க?"

அந்தக் கேள்வி றிஸ்மியாவின் நெஞ்சில் முள்ளாக இறங்கியது. வல்லாஹி, நான் இல்லை என்றாள்.

பிரின்டரைப் பொருத்தித் தந்த தம்பி இனாஸைக் கூப்பிட்டாள். வைபைக்குள் வந்துவிட்டால், கண்ணாடியில் கிடக்கும் கடதாசியை யாரும் வெளியே நின்றபடி தன் போனிலிருந்தே படம் பிடிக்கலாம் என்று அவன் சொன்னான். அக்கீலாவின் புருசன் அதற்குள் எப்படி வந்தான் என்று கேட்டதற்குத் தலையைச் சொறிந்தான். பாஸ்வேர்ட், எதைத் தொடங்கும்போதும் சொல்லும் பிஸ்மியின் எண். எழுநூற்று எண்பத்தாறு, மும்முறை. வீட்டில் பரக்கத்தும் நிறைவும் சேர அவளே கேட்டு வைத்தது.

"நம்மட ஊர்ல எவனும் முதல்ல அதத்தானே ராத்தா அடிச்சுப் பாப்பான்."

பிறகு அவன் புத்தி சொல்லத் தொடங்கினான். அக்கீலாவின் புருசன் பொல்லாதவன், இந்த மனுவை விட்டுவிடுங்கள், பிஸ்மி எண்ணை எடுப்பதும் நல்லதில்லை என்றான்.

"பிஸ்மி சொல்லித்தான் மாத்தப் போறன்," என்றாள் றிஸ்மியா.

இன்டர்நெட் கம்பெனிக்கு அவளே போன் எடுத்தாள். விளங்காத சொல்லை விளங்கும்வரை திருப்பித் திருப்பிக் கேட்டாள். வைபையின் பாஸ்வேர்டை, யாரும் நினைத்துப் பார்க்காத நீண்ட ஒன்றாக மாற்றினாள். ரவுட்டருக்குள் நுழையும் பாஸ்வேர்ட் வாங்கிய நாளில் இருந்தபடியே கிடந்தது, அதையும் மாற்றினாள். பிரின்டருக்கென்று தனியாக ஒரு சின்ன வைபை, பின்கதவு மாதிரித் திறந்து கிடந்ததை அன்றுதான் அறிந்து, அதையும் நிறுத்தினாள். அவளுடைய வைபையைப் பாவித்து வந்த அயலவருக்கு இல்லையென்று சொல்ல அவளுக்கு மனமில்லை. அவர்களுக்கு விருந்தாளி வைபை ஒன்றை வேறாகத் திறந்துவிட்டாள். அதிலிருந்து பார்த்தால் பிரின்டர் தெரியாது.

இனாஸ் புதுப் பாஸ்வேர்டைக் கேட்டான்.

"உனக்கும் இல்ல தம்பி. உன்ட கூட்டாளிமார் கேட்டா உன்னால மறைக்க ஏலாது."

அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனான். போகட்டும் என்று, அக்கீலாவின் வீட்டுக்கே போய் நடந்ததை விளக்கி அவளைக் கூட்டி வந்தாள்.

பின்னேரம் அசர் தொழுது எழும்பும்போது படலையில் அக்கீலாவின் புருசன், கையில் போனோடு நின்றான்.

"என்ன, என்ட பொண்டாட்டிட கடதாசிய இப்ப ஒளிச்சா வெச்சிருக்கிற?"

அக்கீலா கதிரையில் ஒடுங்கினாள். றிஸ்மியா கதவை அகலத் திறந்துவிட்டு, அவன் பார்க்கப் பார்க்கவே மனுவை வைத்துப் பிரின்டரை முடுக்கினாள்.

"அது அவட கடதாசி. வாசிக்க ஆசையெண்டா காதியாருக்கு முன்னால வந்து வாசிங்க."

தாள்கள் வந்து விழுந்தன. அக்கீலா எழுந்து ஒவ்வொன்றிலும் கையெழுத்து வைத்தாள். காதியாரிடம் போக றிஸ்மியா அபாயாவைப் போட்டுக்கொண்டு அவள் கையைப் பிடித்தாள். வழியை மறித்து நின்றவன் விலகும்வரை இருவரும் நின்றார்கள், அவன்தான் விலகினான்.