முன்பிரேக்

அந்த மெக்கானிக்குக்குப் ‘பதட்டம்’ என்று பட்டப்பெயர் வைத்தவன் எவனோ, அவன் வாயில் சர்க்கரையைத்தான் போட வேண்டும். அப்படியொரு பொருத்தம்! யார் வண்டியானாலும் தானே ஒரு சுற்று ஓட்டிப் பார்க்காமல் சாவியைக் கொடுக்க மாட்டான்.

"பொண்டாட்டியை நம்பினாலும் பிரேக்கை நம்ப மாட்டியே" என்று பக்கத்துக் கடைத் தையல்காரர் கிண்டலடிப்பார்.

"அவ நின்னு சண்டை போடுவாண்ணே. இது நிக்காமப் போயிடும்."

அன்றைக்கு வேலைக்கு வந்தது வீட்டு வண்டிதான். முன்பிரேக்கைப் பிடித்தால் வண்டி உதறுகிறது என்று மனைவி புலம்பித் தீர்த்துவிட்டாள். சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டு, டிஸ்க் ஓரமாக ஒரு கம்பியை அசையாமல் வைத்துப் பார்த்தான். ஒரு இடத்தில் உரசியது, இன்னொரு இடத்தில் விலகியது. டிஸ்க் கோணிவிட்டது. புது டிஸ்க், புது பேடு இரண்டையும் எடுத்தான். தடித்த பேடு நுழைவதற்காக, பேடை டிஸ்க்கோடு அழுத்தும் பிஸ்டனை நன்றாக உள்ளே தள்ளிவிட்டு மாட்டினான். இனி பிரேக் லிவரை நாலைந்து தரம் அழுத்தி பிஸ்டனை வெளியே கொண்டுவந்தால்தான் பிரேக் பிடிக்கும். கையெல்லாம் கிரீஸ். கழுவப் போனான்.

திரும்பி வந்தால் வண்டியைக் காணோம்.

"உன் வீட்டுக்காரி எடுத்துட்டுப் போச்சு. வேலை முடிஞ்சிருச்சுன்னு சொல்லிச்சே!" என்றார் தையல்காரர்.

வெளியே இறங்கு சாலை. அதன் அடியில் லாரிகள் பறக்கும் நாற்சந்தி. அவள் பிரேக்கைப் பிடித்தால் லிவர் சும்மா கைப்பிடியோடு போய் ஒட்டிக்கொள்ளும். ஓடினான். ஒரு செருப்பு எங்கோ கழன்று போனது. "ஐயோ, என் கையாலேயே கொன்னுட்டேனே!" என்று வாய்விட்டு அழுதுகொண்டே ஓடினான். கீழே ஒரு லாரி ஹாரனை விடாமல் அலறவிட்டது.

சந்திக்குச் சற்று முன்னால், ஓரத்து மணல் குவியலில் வண்டி புதைந்து நின்றது. பக்கத்தில் அவள் சிராய்த்த முழங்கையை ஊதிக்கொண்டிருந்தாள்.

"லிவரு... நான் இன்னும்..." என்று லிவரைக் காட்டினான்.

"கை பிரேக் பிடிக்கவே இல்ல. கால் பிரேக்கை மிதிச்சு மணல்ல விட்டேன்."

கால் பிரேக்! இத்தனை வருஷம் வண்டி பார்த்தவனுக்கு, பின்சக்கரத்துக்கும் ஒரு பிரேக் உண்டு என்பதே மறந்துபோயிருந்தது. நடுத்தெருவில் உட்கார்ந்து தேம்பினான்.

அவள் அவனை எழுப்பி, வண்டியை மணலிலிருந்து இழுத்து நிறுத்தி, அவன் கையை எடுத்து லிவரில் வைத்தாள். அழுத்த அழுத்தக் கெட்டிப்பட்டது. அதற்கப்புறமும் அழுத்திக்கொண்டே இருந்தான்.

"போதும், விடுங்க. பின்னாடி ஏறுங்க."

ஏறி அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டான்.

"எனக்கு இன்னும் நடுக்கம் நிக்கல" என்றான்.

"எனக்கும்தாங்க. கெட்டியாப் பிடிச்சுக்குங்க, மெதுவாவே போறேன்."