முடிக்காத பத்தியம்

மகளுக்கு ஒன்பது மாதத் தடுப்பூசி போடக் கிளினிக்குக்குப் போன அன்றுதான் மிஸ்ஸி என்னையும் எடை மெசினில் ஏறச் சொன்னார். இங்கே தாதியரை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். இவர் ஐம்பது வயதைத் தாண்டிய தமிழர். ஊசி போட்டதும் குழந்தையிடம் மன்னிப்புக் கேட்பார், தாய்மார்களிடம் கேட்கமாட்டார். மகள் எட்டு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே இருந்தாள். அட்டையில் அவளுடைய கோடு ஒழுங்காக ஏறிக்கொண்டிருந்தது. என்னுடைய எண் முப்பத்தொன்பது புள்ளி நான்கு என்று வந்தது. மிஸ்ஸி என்னை இறக்கி, மெசினைக் காலால் நகர்த்திச் சரிசெய்து, மறுபடி ஏற்றினார். அதே எண்தான். கர்ப்பமாவதற்கு முன்னால் நாற்பத்தாறு இருந்தேன்.

முந்தின வாரம் நடந்ததை அப்போதுதான் அவரிடம் சொன்னேன். ஈப்போவுக்கு வெளியே, முன்பு ரப்பர்க் காடாக இருந்த நிலத்தில் கட்டிய அடுக்குமாடியில் மூன்றாவது மாடி எங்கள் வீடு. லிப்ட் கிடையாது. கடைக்குப் போய்விட்டு மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏறும்போது, இரண்டாவது மாடித் திருப்பத்தில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. சுவரில் முதுகைச் சாய்த்து அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டேன். மகளை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தேன். யாராவது வருவார்கள் என்று காத்திருந்தேன். வேலை நாளின் பத்து மணிக்கு அந்தப் படியில் யார் வருவார்கள்? மகள் என் சட்டைப் பொத்தானைச் சப்பிக்கொண்டிருந்தாள். கடைசியில் உட்கார்ந்த நிலையிலேயே, ஒவ்வொரு படியாகப் பின்னால் நகர்ந்து வீட்டுக்குப் போனேன். அதன் பிறகு அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே இறங்கவே இல்லை. ஊசிக்கு வந்ததுதான் முதல் முறை. வீட்டுக்குள்ளும் அவளைத் தூக்கி நடக்கப் பயந்து, பாயோடு இழுத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தேன்.

டாக்டர் ரத்தம் எடுத்தார். தைராய்டு சரியாக இருந்தது. ரத்தம் மட்டும் கொஞ்சம் குறைவு. இரும்புச் சத்து மாத்திரை தந்து, இரண்டு மாதத்தில் நாற்பத்திரண்டு கிலோவாவது வர வேண்டும், இல்லையென்றால் பெரிய மருத்துவமனைக்கு எழுதித் தருவேன், அங்கே சில நாள் தங்கும்படி ஆகலாம் என்றார். தங்கினால் பிள்ளையை யார் பார்ப்பார் என்று கேட்டார். கணவர் சிங்கப்பூரில் வேலை செய்கிறார், மாதம் ஒரு முறை வருவார். என் அம்மா நான் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போதே இறந்துவிட்டார். மாமியார் பாகான் டத்தோவில், படுத்த படுக்கையாக இருக்கும் மாமனாருக்குப் பக்கத்தில் இருக்கிறார். இதையெல்லாம் டாக்டரிடம் சொல்லாமல், "ஏற்பாடு பண்ணிக்கிறேன்" என்று மட்டும் சொன்னேன்.

உடம்பைக் குறைக்க நினைப்பவர்களுக்கு ஊரெல்லாம் துணை இருக்கிறது. சாயங்காலம் எங்கள் மாடியிலிருந்து பார்த்தால் திடலைச் சுற்றிக் கூட்டமாக நடப்பார்கள். அவர்களுக்கு வாட்ஸாப் குழுகூட உண்டு. ஏற்ற நினைப்பவளுக்கு யாரும் இல்லை. அதை ஒரு குறையாகச் சொன்னாலே சிரிப்பார்கள். கீழே காலையில் நாசி லெமாக் விற்கும் அக்காவிடம் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன்.

"நீ குடுத்து வச்சவ லா," என்றார் அவர். "எங்கிட்ட பத்து கிலோ சும்மா கெடக்கு. வேணும்னா பொட்டலம் கட்டித் தரேன், எடுத்துட்டுப் போ."

நானும் சிரித்தேன். ஒரு பொட்டலம் நாசி லெமாக்கைச் சும்மாவே கையில் திணித்தார். வீட்டுக்கு வந்து அதைத் திறந்து பார்த்தேன். தேங்காய்ப் பாலில் வெந்த சோறு, பாதி முட்டை, வறுத்த கச்சான் கடலை, நெத்திலி, வெள்ளரித் துண்டு. மூடிக் குளிர்பெட்டியில் வைத்தேன். மூன்றாம் நாள் குப்பையில் போட்டேன்.

அந்தப் பொட்டலத்தில் இருந்த எதுவும் எனக்கு ஆகாது. ஆகாது என்று அத்தை, அதாவது என் மாமியார், சொல்லியிருந்தார்.

மகள் பிறந்தபோது அத்தைதான் வந்து பார்த்துக்கொண்டார். பிரசவக் காய மருந்து இடித்து உருண்டை பிடித்துத் தந்தார், வெந்நீர் ஊற்றினார், பத்தியச் சாப்பாடு ஆக்கிப் போட்டார். மிளகு ரசம், பூண்டு, சுட்ட கருவாடு, சுறாப் புட்டு. பருப்பு, உருளைக்கிழங்கு, கச்சான் எல்லாம் வாயு. வாழைப்பழம், வெள்ளரி, தேங்காய்ப் பால் எல்லாம் குளிர்ச்சி. முட்டை சூடு. இறால் கரப்பான். நாற்பதாவது நாள் விலக்கிய பொருளையெல்லாம் சமைத்து இலையில் வைத்து, தானே முதல் வாய் ஊட்டிப் பத்தியம் முறிப்பதாகச் சொல்லியிருந்தார். இருபத்திரண்டாம் நாள் மாமா குளியலறையில் விழுந்துவிட்டார் என்று போன் வந்தது. அத்தை துணியை மடித்துக்கொண்டே, "நான் வார வரைக்கும் இப்படியே சாப்பிடும்மா. நான் வந்து முறிச்சு வைக்கிறேன்," என்றார். மாமா விழுந்தது பக்கவாதத்தால். அத்தையால் திரும்பி வர முடியவில்லை.

நாற்பதாவது நாள் வந்தது. நான் காத்திருந்தேன். ஐம்பதாவது நாளும் வந்தது. மாமாவுக்கு மூக்கில் குழாய் போட்டிருந்த நேரம் அது. அப்போது போய், அத்தை, நான் வாழைப்பழம் சாப்பிடலாமா என்று எப்படிக் கேட்பது? அது நாக்கு அடங்காத மருமகளின் கேள்வி மாதிரி எனக்கே பட்டது. நானாக முறித்துக்கொண்டு, அதன் பிறகு மகளுக்கு வயிறு வலித்தால்? எட்டு மாதம் இப்படியே ஓடியது. நான் இடைநிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. உணவுக் கூம்பகத்தைப் பலகையில் வரைந்து, மாணவர்களுக்குப் புரதம் எது, கொழுப்பு எது என்று சொல்லிக்கொடுத்தவள். அந்தப் படிப்பு ஒரு பக்கம் இருந்தது. அத்தையின் வார்த்தை வேறொரு பக்கம் இருந்தது. இரண்டும் என் தலைக்குள் சந்தித்துக்கொள்ளவே இல்லை. கொஞ்ச நாளில் பசியும் விலகிப்போனது. மதியம் ஒரு பிடி சோறு, ரசம், கருவாடு. நின்றுகொண்டே சாப்பிட்டு முடித்துவிடுவேன். ஒரு ஆளுக்கு எதற்குத் தட்டு என்று சட்டியிலேயே சாப்பிட்ட நாளும் உண்டு. மாதம் ஒரு முறை வரும் கணவரிடம் வயிறு சரியில்லை என்று சொல்லிவிடுவேன். அவர் இரண்டு நாள் தூங்கிவிட்டுப் போய்விடுவார்.

எடை ஏற மிஸ்ஸி ஒரு தாளில் எழுதித் தந்தார். ஒரே நேரத்தில் நிறையச் சாப்பிட முடியாவிட்டால் கொஞ்சம் கொஞ்சமாக ஐந்தாறு தடவை. தினமும் முட்டை. பருப்பும் தௌஹு என்ற சோயாக் கட்டியும் மாறி மாறி. கஞ்சியில் ஒரு கரண்டி நெய். பத்து மணிக்கு வாழைப்பழம், நான்கு மணிக்கு ஒரு கைப்பிடி கச்சான். சாப்பாட்டுக்கு முன்னால் வயிறு நிறையத் தண்ணீர் குடிக்கக் கூடாது. தெம்பு வந்ததும் படி ஏறி இறங்க வேண்டும். இல்லையென்றால் ஏறும் எடை சதையாகாது. வீட்டுக்கு வந்து அந்தத் தாளை மேசையில் வைத்துப் பார்த்தேன். ஏறக்குறைய ஒவ்வொரு வரியும் அத்தை விலக்கியதாக இருந்தது.

அதனால் இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி கண்டுபிடித்தேன். டின் பாலை அத்தை விலக்கவில்லை. மைலோவில் நான்கு கரண்டி டின் பால் ஊற்றி ஒரு நாளைக்கு ஐந்து கோப்பை குடித்தேன். எடை கூட்டும் மாவு என்று பார்மசியில் ஒரு டப்பா வாங்கி அதையும் கலந்தேன். வயிறு உப்பிக்கொண்டது, கழிச்சல் ஆனது, மதியச் சோற்றின் ஒரு பிடியும் அரைப் பிடியானது. மிஸ்ஸி தினமும் சாப்பிட்டதை எழுதி வரச் சொல்லியிருந்தார். காலை இரண்டு முட்டை, பத்து மணிக்கு வாழைப்பழம், மதியம் பருப்பு என்று அழகான கையெழுத்தில் எழுதினேன். சாப்பிட்டிருக்க வேண்டியதைத்தான் எழுதினேன்.

ஒரு மாதம் கழித்து மெசினில் ஏறினேன். முப்பத்தொன்பது புள்ளி ஒன்று. மிஸ்ஸி என் நோட்டைப் புரட்டினார். மெசினைப் பார்த்தார். கதவைச் சாத்தினார்.

"இதுல ஒண்ணு பொய் சொல்லுது," என்றார். "மெசினு போன வாரந்தான் செக் பண்ணுனது."

நான் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போதே அது எவ்வளவு அசட்டுத்தனமாக இருக்கிறது என்று காதில் விழுந்தது. அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. மகள் அவருடைய பேனாவை வாங்கித் தரையில் தட்டிக்கொண்டிருந்தாள்.

"நாப்பது நாளு தாண்டுனா அதுக்கு மேல பத்தியம் கெடையாது. இனிமே எல்லாம் சாப்பிடலாம். நான் சொல்றேன். போதுமா?"

போதும் என்று சொல்ல வாயெடுத்தேன். குனிந்து மகளிடமிருந்து பேனாவை வாங்கினேன்.

"அவங்க சொல்லணும். அப்படித்தானே?"

தலையை ஆட்டினேன்.

"அப்ப போன் பண்ணு லா. இன்னிக்கே. நீ போய் வார்டுல படுத்தா இவள எங்க வைப்பே?"

பன்னிரண்டரை இருக்கும், வீட்டுக்கு வந்து அத்தையைக் கூப்பிட்டேன். வழக்கம்போல மாமா எப்படி, மருந்து இருக்கிறதா என்று கேட்டேன். பிறகு, அத்தை, என் பத்தியத்தை நீங்கள் இன்னும் முறித்து வைக்கவில்லை என்றேன். லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன்.

"பிள்ளைக்குப் பல்லு வந்துருச்சா?" என்று கேட்டார்.

"கீழ ரெண்டு வந்துருச்சு, அத்தை."

"அதுவரைக்குமா?"

மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. அழுகிறாரா, சளி பிடித்திருக்கிறதா என்று தெரியவில்லை. நான் தப்புச் செய்துவிட்டேனோ, அவர் இருக்கும் நிலையில் இதைச் சொல்லியிருக்க வேண்டாமோ என்று நினைத்தேன்.

"வீட்டுல என்ன இருக்கு?" என்றார்.

இரண்டு முட்டையும், கிளினிக்கிலிருந்து வரும் வழியில் வாங்கிய ஒரு சீப்பு வாழைப்பழமும் இருந்தன. சோறு இருந்தது. வாங்கும்போதே, அவர் வேண்டாம் என்றால் பழத்தை அக்காவிடம் கொடுத்துவிடலாம் என்று நினைத்துத்தான் வாங்கினேன்.

"முட்டையப் பொரி. தட்டுல போட்டு உக்காந்து சாப்புடு. நான் லைன்லயே இருக்கேன். நான் ஊட்டுனதா நெனச்சுக்க."

தட்டெடுத்து உட்கார்ந்தேன். போனைத் தண்ணீர்க் குவளையில் சாய்த்து வைத்தேன். முதல் வாய் இறங்கவே நேரமானது. இரண்டாவது பரவாயில்லை. அந்தப் பக்கம் அத்தை மாமாவுக்குக் கஞ்சி ஊட்டத் தொடங்கினார். கரண்டி கிண்ணத்தில் படும் சத்தம் கேட்டது. கடைசியில், "நீங்க சாப்டாச்சா?" என்று கேட்டேன். இன்னும் இல்லை என்றார். எப்போது என்று கேட்டேன். முதலில் மாமா முடிக்கட்டும் என்றார்.

அன்றிலிருந்து பன்னிரண்டரைக்கு அவரே கூப்பிடுகிறார். நான் சாப்பிட்டு முடித்ததும், அவர் சாப்பிடும் வரை நான் வைப்பதில்லை. மற்ற ஐந்து வேளையும் தனியாகத்தான். பத்து மணி வாழைப்பழத்தை இன்னும் யாரோ பார்ப்பது மாதிரிதான் உரிக்கிறேன். அக்காவின் நாசி லெமாக்கை முழுப் பொட்டலமாகச் சாப்பிட மூன்று வாரம் பிடித்தது. சுமையில்லாமல், காய்கறிப் பையைக்கூட எடுக்காமல், காலையில் ஒரு முறை படியில் இறங்கி ஏறுகிறேன். கடை முடிந்து அக்கா மேலே வந்து அந்த ஐந்து நிமிடமும் மகளைப் பார்த்துக்கொள்வார். வாயு, குளிர்ச்சி என்று சொன்ன எதுவும் மகளை ஒன்றும் செய்யவில்லை. இருந்தாலும் அவள் கொஞ்சம் அழுதால், நான் காலையில் என்ன சாப்பிட்டேன் என்றுதான் முதலில் யோசிக்கிறேன்.

இரண்டு மாதக் கெடுவில் நாற்பது புள்ளி எட்டு வந்தது. நாற்பத்திரண்டு இல்லை. டாக்டர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏறத் தொடங்கிவிட்டது, அதனால் இன்னும் ஒரு மாதம் பார்க்கலாம் என்று மிஸ்ஸிதான் பக்கத்தில் நின்று சொன்னார். டாக்டர் கடிதம் எழுதவில்லை. அடுத்த தேதியை எழுதினார்.

கிளினிக்கிலிருந்து திரும்பி மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு படி ஏறினேன். இரண்டாவது மாடித் திருப்பத்தில், ஒன்றும் ஆகாமலேயே, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றேன். கண் இருட்டுகிறதா என்று காத்திருந்தேன். மகள் கனமாக இருந்தாள். அவளும் இரண்டு மாதத்தில் ஏறியிருக்கிறாள் அல்லவா? பன்னிரண்டரைக்குப் பைக்குள் போன் அடித்தது. எடுக்க ஒரு கை காலியாக இல்லை. வீட்டுக்குப் போய்க் கூப்பிடலாம் என்று மீதிப் படிகளை ஏறினேன்.