எதிர்த்த டீக்கடையில் நின்றவர்

நான் எழுதிக்கொண்டிருந்த நாவலை நாலைந்து பேர் மாறி மாறிச் சொல்வார்கள். அதில் ஒரு காதல் வருகிறது. அது என் அக்காவின் காதல்.

அக்கா ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணிக் கம்பெனி ஆபீஸில் வேலை பார்த்தாள். அவள் காதலித்தவர் அங்கே தறி மெக்கானிக். வேறு சாதி. ஒருநாள் காலையில் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் சந்தித்து, மதுரைக்குப் போய்க் கல்யாணம் செய்துகொள்வதாகப் பேச்சு. அக்கா பையை மடியில் வைத்துக்கொண்டு சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தாள். அவர் வரவில்லை; கம்பெனிக்கும் திரும்பவில்லை. அதற்குப் பிறகு வந்த மாப்பிள்ளைகள் எல்லாரையும் வேண்டாமென்றாள். அப்பா பக்கவாதத்தில் விழுந்தபோது தூக்கிக் குளிப்பாட்டியதும் அவள்தான்.

அக்கா சொல்லும் பகுதியை எழுதிவிட்டேன். அவர் சொல்லும் பகுதிக்கு அவரைத்தான் கேட்க வேண்டும். அக்காவிடம் சொன்னேன்.

"கேட்டுட்டு வா. எனக்கும் தெரியணும்" என்றாள்.

இப்போது அவர் ராஜபாளையத்தில் சொந்தமாகப் பட்டறை வைத்திருக்கிறார். எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைத்து முடியவே இல்லை.

"வந்தேன்மா. எதிர்த்த டீக்கடையிலதான் நின்னேன். அவ எந்திரிச்சுப் போற வரைக்கும் பாத்துக்கிட்டே நின்னேன்."

"பொறவு ஏன் ரோட்டைத் தாண்டலை?"

"எப்பிடித் தெரிஞ்சுச்சோ, முந்துன நாள் ஒங்கப்பா வந்தாரு. அடிக்கல, வையல. 'ஒன்னைய ஒண்ணும் செய்ய மாட்டேன். நீ கூட்டிட்டுப் போனா எம் மகளத்தான் கொல்லுவேன்'னாரு. அவரு மொகத்தைப் பாத்தேன். நம்பிட்டேன்."

வீட்டுக்கு வந்து அப்படியே சொன்னேன். அக்கா அப்பாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். கரண்டியை நிறுத்தினாள்.

"அப்பா, அப்படிச் சொன்னீகளா?"

வாய் கோணியிருந்தாலும் அப்பாவின் பேச்சு புரியும்.

"சொன்னேன்."

"செஞ்சிருப்பீகளா?"

அப்பா அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"செஞ்சிருப்பேன்."

அக்கா மிச்சக் கஞ்சியையும் ஊட்டி, வாயைத் துடைத்துவிட்டாள். மறுநாள் ராஜபாளையத்தில் ரூம் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவரைத் தேடிப் போகவில்லை. அவருக்குக் குடும்பம் இருந்தது.

அப்பாவை நான் பார்த்துக்கொண்டேன். "பெரியவ எங்க?" என்று தினமும் கேட்பார். வேலைக்குப் போயிருக்கிறாள் என்பேன். நாவலில் அப்பா சொல்லும் பகுதியை எழுத உட்கார்ந்தேன். 'நான்' என்று தொடங்கினால் அடுத்த வார்த்தை வராது.

அப்பா இறந்த அன்று அக்கா தெருமுக்கிலிருந்து போன் செய்தாள்.

"எடுத்துட்டாகளா?"

"இன்னும் இல்லக்கா."

"எடுத்த பொறவு வாரேன்."

வந்தாள். வீடு முழுக்கத் தண்ணீர் விட்டுக் கழுவினாள். ஈரச் சேலையோடு பஸ் ஏறிப் போனாள்.